‘விட்டுக்குடுத்துப் போங்க’ என்று சொல்வதற்கு முன்னால்

நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் எந்தத் தகராறைப் பேசித் தீர்க்க உட்கார்ந்தாலும், உட்கார்ந்த கையோடு பெரியவர் ஒருவர் சொல்லிவிடுவார்: “நடந்தது நடந்துபோச்சு. விட்டுக்குடுத்துப் போங்க மக்களே.” நல்ல மனசோடுதான் சொல்கிறார். கூடியிருப்பவர்களும் தலையாட்டுகிறார்கள். ஆனால் அந்த வார்த்தைக்குப் பிறகு யார் விட்டுக்கொடுக்கிறார்கள் என்று கவனித்துப் பார்த்தால் மனசு ஆறாது. வாடகைக்கு இருப்பவர் விட்டுக்கொடுக்கிறார். ஆண் துணை இல்லாமல் இருக்கும் அக்கா விட்டுக்கொடுக்கிறார். அந்தத் தெருவில் தன் சபைக்காரரோ தன் சாதிக்காரரோ இல்லாத ஒற்றை வீடு விட்டுக்கொடுக்கிறது. தாளில் ‘இரு தரப்பும் சமரசம்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். அடுத்த மழைக்கோ அடுத்த கொடை விழாவுக்கோ (ஊர்க் கோயில் திருவிழா) அதே தகராறு இன்னும் கசப்போடு திரும்பி வருகிறது. அந்த வார்த்தை பேச்சுவார்த்தையின் கடைசியில் வரவேண்டியது என்பது என் உறுதியான கருத்து. அதற்கு முன்னால் அளக்க வேண்டியதும் நேரில் போய்ப் பார்க்க வேண்டியதும் நிறைய இருக்கிறது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது ஏன் அவசரமான விஷயம் என்பதற்குக் கணக்கே பதில் சொல்லும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம், முஸ்லிம்கள் 4.2 சதவீதம். சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். கல்குளம், விளவங்கோடு பக்கம் ஊர் என்றால் வரிசை வீடுகள் கிடையாது. விளைக்கு (தோட்டத்துக்கு) நடுவில் ஒரு வீடு, அதைச் சுற்றி மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த விளை. ஒரு வீட்டுக்கு நாலு எல்லை இருந்தால் நாலு அயல்வீடு, அதில் இரண்டு வீடாவது வேறு மதமாகவோ வேறு சபையாகவோ இருக்கும். ஓடையும் இடவழியும் தென்னை மரமும் மைக் செட்டும் இவர்களுக்குப் பொதுவானவை. அதனால் இங்கே நடக்கிற சாதாரண மதில் சண்டைகூட, வெளியிலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு மதச் சண்டையாகத் தெரிய வாய்ப்பிருக்கிறது.

1982 மார்ச் 1-ஆம் தேதி மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவ மோதலின்போது போலீஸ் நடத்திய துப்பாக்கிச்சூட்டில் 6 பேர் இறந்தார்கள். அதன்பின் வதந்தி ஊர் ஊராகப் பரவியதையும், நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்ததையும், குன்றக்குடி அடிகளார் இங்கே வந்து அமைதிப் பணி செய்ததையும் நான் விளக்கத் தேவையில்லை. அந்த ஆண்டின் நினைவு இரண்டு விதமாக வேலை செய்கிறது. பெரியவர்கள் ‘இன்னொரு எண்பத்திரண்டு வேண்டாம்’ என்று பயந்து, சின்னத் தகராறிலேயே ஓடி வருகிறார்கள், அது நல்லது. அதே பயத்தில் தகராறின் உள்ளே என்ன இருக்கிறது என்று பாராமல், சீக்கிரம் மூடிப் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். மூன்று மதத் தலைவர்கள் மேடையில் கைகோத்து நிற்பதற்கு மதிப்பு உண்டு. நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த மேடைக்கும், மழைத் தண்ணீர் அடுப்படிக்குள் வருகிற வீட்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை யாராவது நடந்துதான் கடக்க வேண்டும்.

வீட்டுச் சண்டை ஊர்ச் சண்டையாகிற இரவு

இந்த வேலையில் எல்லாமே திரும்புகிற ஒரு புள்ளி உண்டு. முதல் சத்தம் கிளம்பியதற்கும் மறுநாள் காலைக்கும் இடையில் அது வந்துவிடும். ‘கீழவீட்டு மாமா’, ‘மேலவீட்டு அக்கா’ என்று உறவு சொல்லிப் பேசியவர்கள் ‘அவனுவ’ என்று பேசத் தொடங்குவார்கள். பிறகு, தெருவுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் பைக்கில் வந்து மதிலைப் படம் எடுப்பார். பிறகு ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். கடைசியாக, வீட்டுக்காரர் பெயரில் போக வேண்டிய மனு ஏதோ ஓர் அமைப்பின் முத்திரைத் தாளில் காவல் நிலையத்துக்குப் போகும். அந்த மனு போய்விட்டால், அதன்பிறகு வீட்டுக்காரர் நினைத்தாலும் பின்வாங்க முடியாது. அவருக்காக வந்தவர்களுக்கு மரியாதைப் பிரச்சினை ஆகிவிடும். ஆகவே தலையிடுகிறவர் அன்று இரவே இரண்டு வீட்டுப் படியும் ஏற வேண்டும்.

மதில் தகராறு என்றால் அன்று இரவு கேட்க வேண்டியது ஒன்றுதான்: மதில் வேலையை நிறுத்தி வையுங்கள். எங்கே வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டியிருக்கிறதோ அங்கேயே நிற்கட்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். “ரெண்டு நாள் நிறுத்துங்க” என்று சொல்வது சுலபம். ஆனால் கொத்தனாரும் கையாளும் நாள் கூலிக்கு வந்திருக்கிறார்கள். இரண்டு நாள் போனால் அவர்கள் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். திரும்பப் பிடிக்க ஒரு மாதம் ஆகும். பிரித்த சிமெண்ட் மூட்டை நம் ஊர் ஈரத்தில் சீக்கிரமே கட்டிபிடித்துவிடும். மதில் கட்டுகிறவர் பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த மகனாக இருப்பார். அவர் டிக்கெட் போட்டிருக்கிற தேதிக்குள் மதில் முடிய வேண்டும். அவர் ‘நிறுத்த முடியாது’ என்று சொன்னால், எதிர்வீட்டுக்கு அது திமிராகப் படுகிறது. உள்ளே இருப்பது கூலிக் கணக்கும் விமானத் தேதியும். அதனால் நிறுத்தச் சொல்லும்போதே, நிற்கிற நாளின் கூலியை யார் கொடுப்பது என்றும் பேசிவிட வேண்டும். பாதிப் பாதி என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பணம் கொடுக்க ஒப்புக்கொண்ட எதிர்வீட்டுக்காரரைப் பற்றி ‘சும்மா தடுக்க வந்தவன்’ என்ற பேச்சு அதோடு அடங்கிவிடும். கூலியை நேராகக் கொத்தனார் கையில் கொடுப்பது நல்லது. தலையிடுகிறவர் கை வழியாகப் பணம் போகக்கூடாது.

மகன் வெளிநாட்டிலேயே இருந்து, இங்கே அப்பாவும் அம்மாவும் மட்டும் இருந்தால் நிலைமை இன்னும் கடினம். முடிவெடுக்கிறவர் அவர், ஆனால் அவருக்குத் தெரிவதெல்லாம் வீட்டிலிருந்து போகும் அழுகைக் குரல்தான். எதிர்வீட்டு ஓடையை அவர் பார்த்தே பல வருடம் ஆகியிருக்கும். அவரை வீடியோ அழைப்பில் கூப்பிட்டு, மதில் ஓரமாகவே நடந்து முழுக்கக் காட்ட வேண்டும்; அந்த நேரத்தில் எதிர்வீட்டுக்காரரும் கூட நிற்க வேண்டும். சின்ன வயசில் அந்த வீட்டு முற்றத்தில் விளையாடிய பிள்ளையாக இருப்பார். “என்ன மாமா, எப்படி இருக்கிய” என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் மற்றதைப் பேசலாம். வராவிட்டாலும், அவர் நேரில் பார்த்துவிட்டார் என்பதே பாதி வேலை.

அளவு நாடாவும் மழையும்

எல்லைத் தகராறில் முதலில் பத்திரங்களைப் பார்ப்போம். 1956 நவம்பர் 1-க்கு முன் நாம் திருவிதாங்கூர், கடைசி ஏழு வருஷம் திருவிதாங்கூர்-கொச்சி. பழைய தாய்ப்பத்திரங்கள் பல மலையாளத்தில் இருக்கும், தேதி கொல்லம் ஆண்டில் (மலையாள ஆண்டுக் கணக்கு) இருக்கும். ஆங்கில ஆண்டு தெரியக் கொல்லம் ஆண்டோடு 825 கூட்ட வேண்டும். ஆவணி முதல் மார்கழிப் பாதி வரையான தேதியானால் 824. கொல்லம் 1110 என்பது 1934-35. இதைச் சரியாகப் போடாவிட்டால் எந்தப் பத்திரம் முந்தியது என்பதே தலைகீழாகிவிடும். மலையாளம் வாசிக்கத் தெரிந்த, இரு தரப்புக்கும் உறவில்லாத ஒருவர் இரண்டு பத்திரத்தையும் எல்லோர் முன்னாலும் உரக்க வாசிக்கட்டும். நாலு எல்லை விவரம் காதில் விழுந்ததுமே சில தகராறு பாதியாகிவிடும். அதன்பின் பட்டா, புல வரைபடம், சர்வேயர் அளவு. சர்வேயர் வருகிற நாளில் இரு வீட்டாரும் இருக்க வேண்டும். ஒருவர் இல்லாமல் போட்ட கல், இரவோடு இரவாகக் காணாமல் போகிற கல்.

அளந்து பார்த்தால் இடம் எவ்வளவு என்று தெரியும்; எவ்வளவு சின்னது என்றும் தெரியும். ஒரு செண்ட் 435.6 சதுர அடி. சதுரமான 5 செண்ட் மனையில் ஒரு பக்கம் சுமார் 47 அடி. அந்தப் பக்கம் முழுக்க மதில் அரை அடி நகர்ந்தால் போவது 23 சதுர அடி, ஒரு செண்டில் இருபதில் ஒரு பங்கு. அதற்காகக் கோர்ட்டில் பத்து வருஷம் அலைகிறார்கள் என்றால், அங்கே நிலம் முக்கியமில்லை என்று பொருள். பெரும்பாலும் அதன் அடியில் ஒரு தண்ணீர்ப் பிரச்சினையோ, கல்யாணத்துக்குக் கூப்பிடாத மனக்குறையோ, அப்பா காலத்தில் விட்ட ஒரு வசவோ கிடக்கும். அளந்து காட்டிய பிறகுதான் அது வெளியே வரும். அளக்காமல் ‘விட்டுக்குடுங்க’ என்றால் அது வெளியே வரவே வராது.

தண்ணீர்த் தகராறை வெயிலில் போய்ப் பார்ப்பது வீண். நமக்கு ஆனி, ஆடி மழையும் உண்டு, ஐப்பசி, கார்த்திகை மழையும் உண்டு. வருஷத்தில் இரண்டு தடவை இந்தத் தகராறு எழும். மழை பெய்கிற அரைமணி நேரம் குடையோடு நின்று பார்த்தால், இரு தரப்பும் சொல்லாத மூன்றாவது காரணம் தெரிந்துவிடும். பல இடங்களில் அது தெரு. பழைய தளத்தைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பத் தளம் போட்டதில் தெரு வீட்டுப் படியைவிட உயர்ந்துவிட்டது. ஒரு வீட்டுக்காரர் செம்மண் அடித்துத் தன் மனையை உயர்த்திக்கொண்டார். உயர்த்த முடியாத பக்கத்து வீடு குழியாகிவிட்டது. இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருக்கிறார்கள். மனு போக வேண்டிய இடமோ மாநகராட்சி அல்லது பேரூராட்சி. இருவரும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போடுவது, நான் அறிந்தவரை, மிகச் சிறந்த சமாதான ஒப்பந்தம். மீதித் தண்ணீருக்குக் குழாய் போடுவதானால் 4 அங்குலக் குழாய் தென்னம்பூவும் சருகும் அடைத்து ஒரே மழையில் நின்றுவிடும். 6 அங்குலம் வேண்டும். 40 அடி நீளத்துக்குக் குறைந்தது 5 அங்குல வாட்டம், திரும்புகிற இடத்தில் திறந்து வாருவதற்கு ஒரு தொட்டி. அந்தத் தொட்டியை எந்த மாதம் யார் வாருவது என்பதையும் பெயர் போட்டு எழுத வேண்டும்.

வழித் தகராறில் ‘நடந்து போக வழி விடுறோம்’ என்பது போதாது. என்னென்ன அந்த வழியாகப் போக வேண்டும் என்று கேட்க வேண்டும். ஆட்டோவின் அகலமே நாலேகால் அடிக்கு மேல். அது உரசாமல் போக 6 அடி வேண்டும். ஆம்புலன்ஸ் என்றால் 8 அடியாவது வேண்டும். சவப்பெட்டியை இரு பக்கமும் ஆள் பிடித்துத் தூக்கிப் போக 3 அடி இடவழி போதாது. ஊரில் ஒரு சாவு விழுந்த அன்று மதில் மேல் ஏற்றிப் பெட்டியைக் கடத்தினார்கள் என்றால், அந்த அவமானத்தை அந்த வீட்டுப் பிள்ளைகள் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள்.

கொடை, திருவிழா, மைக் செட்

குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பதும், இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பதும் 2000-ஆம் ஆண்டு விதிகள். எல்லாக் கமிட்டிக்காரர்களுக்கும் இது தெரியும். ஆனாலும் தகராறு வருவது ஏன்? கமிட்டிக்காரரும் அயல்வீட்டுக்காரரும் பேசி முடித்திருப்பார்கள். மைக் செட்காரர் அந்தப் பேச்சில் இருந்திருக்க மாட்டார். அவருக்குச் சொல்லப்பட்டதெல்லாம் ‘நல்லா கேக்கணும்’ என்பதுதான். ஆகவே பேச்சுவார்த்தையில் அவரும் உட்கார வேண்டும். பெட்டிகளை ஒரே அடுக்காகத் தெருமுனையில் நிறுத்துவதைவிட, சின்னப் பெட்டிகளைப் பந்தலுக்குள் பார்த்தபடி பிரித்து வைத்தால், உள்ளே இருப்பவருக்குக் கேட்கும், வெளியே குறையும். நோயாளி இருக்கும் வீட்டார் சொல்வது பெரும்பாலும் பாட்டுச் சத்தத்தைப் பற்றி இருக்காது, நெஞ்சில் இடிக்கிற அடித்தொனியைப் பற்றி இருக்கும். அது சுவரைத் தாண்டி வரும். அந்தப் பெட்டியை மட்டும் எடுத்துவிடச் சொன்னால் பாதிப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள்.

ஊர்வலத்துக்கு வெறும் நேரத்தை வைத்து ஒப்பந்தம் எழுதக் கூடாது. எந்த ஊர்வலமும் சொன்ன நேரத்துக்குக் கிளம்பாது. ‘7 மணிக்குக் கடக்கும்’ என்று எழுதினால், 8.30-க்கு ஜெபக்கூட்டம் நடக்கிற வாசலில் மேளத்தோடு வந்து நிற்கும். யார் முதலில், யார் பிறகு, தாமதமானால் எங்கே காத்திருப்பது என்று முறை வைத்து எழுத வேண்டும். ‘பள்ளிவாசல் அருகில் மேளம் நிறுத்தப்படும்’ என்றால் அருகில் என்பது எவ்வளவு தூரம் என்று அன்றைக்கே அடிதடி வரும். இன்ன எண் மின்கம்பத்திலிருந்து இன்ன எண் மின்கம்பம் வரை என்று எழுதுங்கள். கம்பத்தில் எண் இருக்கிறது, கம்பம் யாருக்கும் சொந்தமில்லை. தோரணமும் கொடியும் கட்டுவதற்கு அனுமதி வாங்குகிறவர்கள், அவிழ்ப்பதற்கு ஆளும் தேதியும் எழுதித் தர வேண்டும். விழா முடிந்து கிழிந்து தொங்குகிற கொடியை இன்னொருவர் அவிழ்த்ததால் வந்த சண்டைகள், விழா நடக்கும்போது வருகிற சண்டைகளுக்குக் குறைந்தவை இல்லை.

யாரை உட்கார வைப்பது

இடம் தேவாலயத்தின் பங்குப் பேரவை அலுவலகமாகவோ கோயில் மண்டபமாகவோ இருக்கக் கூடாது. கிளை நூலகமோ பள்ளிக்கூட வகுப்பறையோ நல்லது. ஞாயிறு காலையும் வெள்ளி மதியமும் ஆகாது. செவ்வாய், வெள்ளி சாயங்காலம் கோயிலுக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் எல்லோருக்கும் தோதுப்படும். குடித்திருக்கும் ஆள் வருகிற நேரமாதலால் இருட்டிய பிறகு வேண்டவே வேண்டாம். தரப்புக்கு மூன்று பேர், அதில் ஒருவர் அந்த வீட்டுப் பெண். ஓடையை வாருவதும், அயல்வீட்டு மயினியிடம் (அண்ணி) மஞ்சளும் கறிவேப்பிலையும் கடன் வாங்குவதும் அவர்தான். சண்டை வந்தபின் தினம் மதிலுக்கு அந்தப் பக்கம் முகம் திருப்பிக்கொண்டு போக வேண்டியவரும் அவர்தான். ஆண்கள் மானத்தைப் பேசிக்கொண்டிருக்கும்போது, எந்தச் சாக்கடை எந்த மணிக்கு நிரம்பும் என்று சொல்லத் தெரிந்தவர் அவர் ஒருவரே. கைப்பேசிகள் மேஜைமேல், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் 15 நிமிஷம், இடையில் பேச்சு கிடையாது. முதல் நாளில் முடிவு எடுக்கவே கூடாது. அன்றைக்கு எடுக்கிற முடிவு களைப்பில் எடுக்கிற முடிவு.

நாம் தொடக்கூடாத வழக்குகளும் உண்டு. குழந்தைகள் மீதான பாலியல் குற்றம், பெண்கள் மீதான வன்முறை, தீண்டாமை, பட்டியல் சாதியினர் மீதான கொடுமை: இவற்றில் ‘பேசித் தீர்ப்பது’ என்பது பாதிக்கப்பட்டவரின் வாயைப் பொத்துவது. காவல் நிலையத்துக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் கூடப் போய் நிற்பதுதான் அங்கே நம் வேலை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் கட்டப்பஞ்சாயத்தைச் சட்டவிரோதம் என்று கடுமையாகச் சொன்னது. அபராதம் விதிக்கிற, ஊர்விலக்கு வைக்கிற, கமிஷன் வாங்குகிற எந்த ஏற்பாடும் அந்த வகையில் சேரும். பேசித் தீர்த்த வீட்டில் அன்றைக்குச் சாப்பாடுகூட வேண்டாம் என்பது என் கட்சி. அந்த இலையை எதிர்வீடு பார்க்கும்.

தாளில் எழுதுவது

காவல் நிலைய அறிக்கையின் பேரில், நிர்வாக நடுவர் முன்னால் இரு தரப்பிடமும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 126-ஆம் பிரிவில் அமைதி காக்கும் பிணைப்பத்திரம் வாங்குவது வழக்கமாகிவிட்டது. அது ஓராண்டுக்கு அமைதியைக் கட்டிப்போடலாம். ஆனால் அடி வாங்கியவரையும் அடித்தவரையும் ஒரே கயிற்றில் கட்டுகிறது என்ற மனத்தாங்கல் ஓராண்டு கழித்தும் இருக்கும். 2023 மத்தியஸ்தச் சட்டத்தில் சமுதாய மத்தியஸ்தத்துக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது: இரு தரப்பும் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும், மூன்று பேர் குழு, உடன்பாடு அமைதிக்கானது, நீதிமன்றத் தீர்ப்பாணைபோல அதை அமல்படுத்த முடியாது. அந்த வலு வேண்டும் என்றால் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) வைத்து முடிக்க வேண்டும். அதன் தீர்வு சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. வழக்குப் போடும் முன்பே அங்கே போகலாம். நிலத்தில் வழி விடுவது, மதில் ஓரம் இடம் விட்டுத் தருவது போன்றவற்றை வெள்ளைத்தாளில் எழுதி நம்பிவிடாதீர்கள். 100 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்து உரிமை பதிவாக வேண்டும். அந்த உரிமையைப் பெற்றவரின் மகன் நாளைக்கு அந்த வெள்ளைத்தாளைக் காட்டினால் அது செல்லாது.

மற்ற உடன்பாடுகளுக்கு ஒரு பக்கத் தாள் போதும். அளவு, தேதி, ஆள் பெயர், செலவில் யாருக்கு எவ்வளவு, நடக்காவிட்டால் முதலில் யாரிடம் சொல்வது, ஒரு கைவரைபடம். ‘வழக்கம்போல்’, ‘ஒத்துழைப்பார்கள்’ போன்ற சொற்கள் வந்தால் அடித்துவிட்டு அந்த இடத்தில் அடிக்கணக்கோ மணிக்கணக்கோ எழுத வேண்டும். ஒரு மாதம் கழித்து ஒரு முறையும், அடுத்த மழை முடிந்து ஒரு முறையும் இரு வீட்டுக்கும் போய்ப் பார்க்கும் தேதியும் அதிலேயே இருக்கட்டும்.

விழாக் கமிட்டியோடு செய்த உடன்பாட்டுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. பல ஊர்களில் கமிட்டி வருஷா வருஷம் மாறும். போன வருஷத் தலைவர் போட்ட கையெழுத்தைப் புதியவர் பார்த்திருக்கவே மாட்டார். அதனால் தாளின் ஒரு பிரதியைக் கமிட்டியின் வரவு செலவு நோட்டிலேயே ஒட்டச் சொல்ல வேண்டும். பொறுப்பு மாறும்போது கை மாறுகிற ஒரே பொருள் அந்த நோட்டுதான். கால்நாட்டுக்கோ கொடியேற்றத்துக்கோ ஒரு மாதம் முன்னால் புதுக் கமிட்டியையும், அயல்வீட்டாரையும், மைக் செட்காரரையும் கூப்பிட்டு அதை ஒருமுறை உரக்க வாசித்து, மாற்ற வேண்டியதை மாற்றி, புதுத் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.